ஐந்து வருடப் படிப்பில் வார்டுக்கு எத்தனை மாதம்?

கேள்வி: மேடம், வணக்கம். எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் கிராமம். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பியூர் சயின்ஸ் படித்தேன். பிளஸ் டூவில் 600க்கு 468. வேதியியலில் மட்டும் 61தான். எங்கள் அப்பாயிக்குச் சர்க்கரை வந்து கிட்னியும் போய்விட்டது. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸுக்குத் திருவாரூர் அழைத்துப் போவது நான்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த டயட் சார்ட்டில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆப்பிள் என்று இருந்தது. அப்பாயி அதை காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, பழையபடி கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறது. அதைப் பார்த்துத்தான் எனக்கு டயட்டீஷியன் ஆகணும்னு தோன்றியது.

சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி.யும் எம்.எஸ்சி.யும் சேர்ந்து ஐந்து வருட நியூட்ரிஷன் அண்டு டயட்டெட்டிக்ஸ் படிப்பு இருக்கிறது. விண்ணப்பிக்கலாமா? சித்தப்பா, “திருச்சியில் மூணு வருஷம் படி, எம்.எஸ்சி.யைத் தபால்ல முடிச்சுக்கலாம்” என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மாமா, அங்கேயும் இதுபோல் சேர்ந்த படிப்பு இருப்பதால் அங்கேயே வரச் சொல்கிறார். அம்மாவோ, “சோறாக்கக் கத்துக்க அஞ்சு வருஷமா?” என்று கேட்கிறது. விண்ணப்பத்தில், ‘ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

சேர்ந்த படிப்பா, தனித்தனியாகப் படிப்பதா என்பதை வருடக் கணக்கை வைத்து முடிவு செய்யாதே. அந்த ஐந்து வருடத்தில் உன்னை எத்தனை மாதம் ஆஸ்பத்திரி வார்டில் நிறுத்துவார்கள், அங்கே உனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவர் யார் என்று விசாரி. இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் ஐந்து வருடப் படிப்பு நல்ல படிப்பு. பதில் கிடைக்காவிட்டால் கட்டடம் எத்தனை மாடி இருந்தாலும் வேண்டாம்.

முதலில் எம்.எஸ்சி. தேவையா என்பதைப் பார்ப்போம். தேவை. நம் நாட்டில் டயட்டீஷியனாக மதிப்போடு வேலை பார்க்க, இந்திய உணவியல் சங்கம் வழங்கும் ‘ரிஜிஸ்டர்டு டயட்டீஷியன்’ தகுதியைப் பெரிய ஆஸ்பத்திரிகள் கேட்கின்றன. அதற்கு இந்தத் துறையில் முதுநிலைப் படிப்போ முதுநிலை டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு தேர்வும் எழுத வேண்டும். கல்லூரியில் ஆசிரியர் ஆவதற்கான நெட் தேர்வுக்கும் எம்.எஸ்சி. வேண்டும். பி.எஸ்சி.யோடு நிறுத்தியவர்கள் வேலை இல்லாமல் இல்லை. ஆனால் சில வருடம் போன பிறகு மேலே ஏற முடியாமல் திணறுகிறார்கள். அதனால் ‘ஐந்து வருடம்’ என்ற உன் கணக்கு சரிதான். அதை ஒரே இடத்தில் ஒரே மூச்சில் முடிப்பதா, இரண்டாகப் பிரித்துக்கொள்வதா என்பதுதான் நீ எடுக்க வேண்டிய முடிவு.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள். 2021-ல் தேசிய அளவில் துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் வந்தது. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இரண்டு பேரும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். பிசியோதெரபிஸ்ட் போலவே நாமும் பதிவு பெற்ற சுகாதாரத் தொழிலர்களாகப் போகிறோம். அந்தச் சட்டப்படி இப்படிப்பட்ட பட்டப்படிப்பில் குறைந்தது 3,600 மணி நேரப் பாடமும் பயிற்சியும் இருக்க வேண்டும். விசாரிக்கும்போது, “உங்கள் பாடத்திட்டம் ஆணையத்தின் பாடத்திட்டத்தை ஒட்டி இருக்கிறதா? மாநில கவுன்சிலில் பதிவு செய்ய இந்தப் பட்டம் செல்லுமா?” என்று கேள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள். வாயால் சொன்னது ஐந்து வருடம் கழித்து நிற்காது.

சேர்ந்த படிப்பில் உண்மையான லாபங்கள் இருக்கின்றன. மூன்றாம் வருடம் முடிந்ததும் மறுபடி எங்கே இடம் கிடைக்கும் என்று அலைய வேண்டாம். வங்கிக் கடனை ஒரே தடவையில் ஐந்து வருடத்துக்கும் சேர்த்து வாங்கலாம். உன் பலம் பலவீனம் தெரிந்த ஆசிரியர்களே கடைசிவரை இருப்பார்கள், ஆய்வுக் கட்டுரையில் கைகொடுப்பார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு, அதை மறைக்காமல் சொல்கிறேன். மூன்று வருடப் பட்டம் கைக்கு வந்த அன்றே வீட்டில் மாப்பிள்ளை பேச்சு ஆரம்பித்துவிடும். அந்த இடைவெளியில் எம்.எஸ்சி. கனவை விட்டுவிட்ட நல்ல மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன். நடுவில் இடைவெளி இல்லாத படிப்பு அந்தப் பேச்சைத் தள்ளிப்போடும்.

நஷ்டமும் உண்டு. பதினேழு வயதில் டயட்டீஷியன் என்றால் நமக்குத் தெரிவது ஆஸ்பத்திரி மட்டும்தான். இரண்டு வருடம் படித்த பிறகு ஒருத்திக்குக் குழந்தைகள் ஊட்டச்சத்து பிடிக்கும், இன்னொருத்திக்கு விளையாட்டு வீரர்களுக்கான உணவு பிடிக்கும், வேறொருத்திக்கு அங்கன்வாடி, பள்ளி உணவு என்று மக்கள் மத்தியில் வேலை செய்யப் பிடிக்கும். தனித்தனியாகப் படித்தால் எம்.எஸ்சி.க்குத் துறையையும் கல்லூரியையும் அப்போது மாற்றிக்கொள்ளலாம். சேர்ந்த படிப்பில் அந்தக் கல்லூரி வைத்திருப்பதுதான் உனக்குக் கிடைக்கும். அதனால் இதையும் கேள்: மூன்றாம் வருடம் முடிந்து வெளியே வர நேர்ந்தால் முறையான பி.எஸ்சி. பட்டம் தருவார்களா, வெறும் சான்றிதழோடு அனுப்பிவிடுவார்களா? ஐந்து வருடமும் முடித்தால் இரண்டு பட்டமா, ‘ஒருங்கிணைந்த எம்.எஸ்சி.’ என்று ஒரே பட்டமா? ஒரே பட்டம் என்றால் தப்பில்லை. ஆனால் இளநிலைப் பட்டத்தைத் தனியாகக் கேட்கும் வேலைக்கோ வெளிநாட்டு மதிப்பீட்டுக்கோ போகும்போது, முதல் மூன்று வருட மதிப்பெண் பட்டியல் தனியாக இருந்தால்தான் சிரமம் இருக்காது.

இப்போது வார்டு விஷயம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, வெளி ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தமா என்று கேள். சொந்த ஆஸ்பத்திரி இருப்பதால் மட்டும் போதாது. அங்கே பதிவு பெற்ற டயட்டீஷியன்கள் வேலையில் இருக்கிறார்களா, மாணவிகளை டயாலிசிஸ், தீவிர சிகிச்சை, குழந்தைகள் வார்டு, தீக்காயப் பிரிவு எல்லாவற்றுக்கும் அனுப்புகிறார்களா என்று கேள். சில இடங்களில் மாணவிகளை மாதக் கணக்கில் கிச்சனில் தட்டு எண்ண வைத்துவிட்டு அதற்கே பயிற்சிச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிச் சமையலறையும் தெரிய வேண்டும்தான், அரிசி ஸ்டாக் முதல் மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் கஞ்சியின் பதம் வரை. ஆனால் நோயாளியின் கேஸ் ஷீட்டைப் பிரித்து, ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, அல்புமின் எவ்வளவு என்று பார்த்து, அவரிடம் பேசி, டாக்டரோடு விவாதித்து ஒரு உணவுத் திட்டம் எழுதும் பழக்கம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றால்தான் வரும். கல்லூரி அலுவலகத்தில் விசாரித்தால் விளம்பரப் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வார்கள். நான்காம் வருடம் படிக்கும் ஒரு மாணவியைப் பிடித்துக் கேள். ஹாஸ்டல் வாசலில் பத்து நிமிஷம் பேசினால் போதும், உண்மை தெரிந்துவிடும்.

இந்தக் கேள்விகளை ஒரு கல்லூரியிடம் மட்டும் கேட்காதே. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியல் நிறுவனம் 1957 முதல் பெண்களுக்கு இந்தத் துறையைக் கற்பிக்கிறது. சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் ஆஸ்பத்திரியோடு சேர்ந்தே கிளினிக்கல் நியூட்ரிஷன் படிக்கலாம். நமக்குப் பக்கத்தில் திருச்சி மகளிர் கல்லூரிகள் இருக்கின்றன. எல்லா இடத்திலும் சேர்ந்த படிப்பு இருக்காது. மூன்றும் இரண்டுமாகப் படிக்கலாம். தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் சிலர் உனக்குச் சொல்வார்கள். அது அருமையான நிறுவனம். ஆனால் அங்கே படிப்பது உணவு பதப்படுத்தும் பொறியியல், அதற்கு ஜே.இ.இ. எழுத வேண்டும். அதைப் படித்தால் ஆலைக்குப் போகலாம், வார்டுக்குப் போக முடியாது.

சித்தப்பா சொல்லும் தபால் வழி இப்போது அடைபட்டுவிட்டது. சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் உத்தரவு போட்டது. அந்தப் பட்டியலில் உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியலும், கிளினிக்கல் நியூட்ரிஷன் அண்டு டயட்டெட்டிக்ஸும் இருக்கின்றன. 2025 ஜூலை – ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே அது நடைமுறை. யாராவது இன்னமும் தபால் எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டச் சொன்னால் கட்டாதே. மூன்று மாத ஆன்லைன் ‘நியூட்ரிஷன் கோச்’ சான்றிதழும் அப்படியே. அதை வைத்து ஒரு டயாலிசிஸ் நோயாளிக்குச் சாப்பாடு சொல்வது ஆபத்து.

வேதியியல் 61 என்று கூச்சப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமாகவும் இருக்காதே. பெரும்பாலான இடங்களில் அந்த மதிப்பெண்ணால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது. தொல்லை பிறகுதான் வரும். முதல் வருடம் உயிர்வேதியியல் தொடங்கும். குளுக்கோஸ் உடைவது, கொழுப்பு எரிவது, புரதத்திலிருந்து யூரியா உண்டாவது எல்லாம் வரிசையாக வரும். மனப்பாடம் செய்தால் தேர்வைத் தாண்டிவிடலாம், ஆனால் வார்டில் அது கைவிட்டுவிடும். இந்த விடுமுறையிலேயே பிளஸ் டூ வேதியியல் புத்தகத்தில் உயிரியல் மூலக்கூறுகள் பாடத்தையும், அமிலம் – காரம் பற்றிய பகுதியையும் நிதானமாகத் திரும்பப் படி. உன் அப்பாயியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அதில் இருக்கும் யூரியா எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிடுவாய்.

தமிழ் மீடியம் பற்றி நீ எதுவும் கேட்கவில்லை, ஆனால் மனசுக்குள் பயம் இருக்கும். முதல் ஆறு மாதம் கஷ்டமாக இருக்கும். தினம் பத்துச் சொல் என்று ஒரு நோட்டுப் போட்டுக்கொண்டால் இரண்டாம் செமஸ்டரில் சரியாகிவிடும். நகரத்து மாணவிக்கு இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது, அதன் மதிப்பு வார்டில்தான் தெரியும். நோயாளி “ரெண்டு கரண்டி சோறுதாங்க சாப்பிடுறேன்” என்பார். எந்தக் கரண்டி என்று கேட்க உனக்குத் தோன்றும். குழம்புக் கரண்டியா, பந்தியில் பரிமாறும் அன்னக்கரண்டியா என்று கேட்டால்தான் கணக்கு வரும். நூறு கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய முந்நூறு கிராம் சோறு. அந்தச் சோற்றைக் கரண்டிக் கணக்கில் சொல்லத் தெரியாதவர் எழுதும் சார்ட் காலண்டருக்குப் பின்னால்தான் போகும்.

அதேபோல் உன் ஊர்ப் பக்கம் நெல் ஜெயராமன் மீட்டெடுத்த பாரம்பரிய நெல் ரகங்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். “மாப்பிள்ளைச் சம்பா சாப்பிட்டா சர்க்கரை ஏறாதாமே?” என்று நோயாளிகள் எங்களிடம் தினம் கேட்கிறார்கள். தீட்டாமல் சாப்பிட்டால் அதில் நார்ச்சத்து கூடுதல், நல்ல அரிசிதான். ஆனாலும் அது அரிசி. மாவுச்சத்து அதிலும் நிறைய இருக்கிறது, அளவு மீறினால் சர்க்கரை ஏறும். அந்த நெல்லை விதைத்து அறுத்த மனிதரிடம், அவர் பெருமையைக் குறைக்காமல் இதைச் சொல்ல வேண்டும். அதற்கு நம் ஊர்ப் பேச்சு தெரிய வேண்டும்.

இப்போது உன் விண்ணப்பக் கட்டுரை. கம்ப்யூட்டர் சென்டரில் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துப் போட்டுவிடு. “சிறு வயது முதலே மனித குலத்துக்குச் சேவை செய்யும் தணியாத ஆர்வம்” என்று தொடங்குகிறது. சேர்க்கை நேர்காணல்களில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த வரியோடு ஒரு கட்டு விண்ணப்பம் வரும். படிப்பவருக்கு அடுத்த வரி தேவைப்படாது. எனக்கு எழுதிய கடிதத்தில் நீயே நாலு வரியில் எழுதிவிட்டாயே, ஓட்ஸ், ப்ரோக்கோலி சார்ட் பற்றி. அதுதான் உன் கட்டுரை.

அதை எப்படி விரிப்பது என்று சொல்கிறேன். ஒரு வாரம் அப்பாயி உண்மையில் என்ன சாப்பிடுகிறது என்று எழுதி வை. திட்டாதே, திருத்தாதே, எழுத மட்டும் செய். காலையில் என்ன, எத்தனை டம்ளர், ரசம், மோர், கஞ்சித் தண்ணீர் எவ்வளவு என்று எல்லாம். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர்க் கணக்கில் இவை அத்தனையும் சேரும், குடிதண்ணீரை மட்டும் எண்ணுபவர்கள்தான் கால் வீங்கி வருகிறார்கள். கருவாட்டில் இருக்கும் உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீர் கேட்கும். இதை எல்லாம் பார்த்த பிறகு உனக்குள் ஒரு கேள்வி வரும். உதாரணத்துக்கு, “கருவாட்டை விடச் சொன்ன சார்ட், அதற்குப் பதிலாக அப்பாயியால் வாங்க முடிகிற எதையும் ஏன் சொல்லவில்லை?” என்று. அந்தக் கேள்வியோடு கட்டுரையைத் தொடங்கு. இரண்டாவது பத்தியில் நீ கவனித்ததைச் சொல். மூன்றாவதில், இதற்கு விடை தேட உனக்கு என்ன தெரிய வேண்டும், அந்தக் கல்லூரியில் எந்தப் பாடமும் எந்த வார்டும் அதைக் கற்றுத்தரும் என்று எழுது. ஏன் முதுநிலையும் சேர்த்து இப்போதே கேட்கிறாய் என்பதற்கும் அங்கேயே பதில் வந்துவிட வேண்டும், ஏனென்றால் ஐந்து வருடப் படிப்புக்கு ஆள் எடுப்பவர்கள் முக்கியமாகப் பயப்படுவது நடுவில் விட்டுப் போகிறவர்களைப் பற்றித்தான். எளிய ஆங்கிலத்தில் நீயே எழுது. பள்ளி ஆங்கில ஆசிரியையிடம் இலக்கணத்தை மட்டும் திருத்தச் சொல், வார்த்தைகளை மாற்ற விடாதே. நேர்காணலில் அதிலிருந்துதான் கேட்பார்கள். உன்னுடைய வரி என்றால் உன்னால் பேச முடியும்.

கட்டுரையில் அப்பாயிக்கு நீயே வைத்தியம் பார்த்ததுபோல் எழுதிவிடாதே. நிஜத்திலும் செய்யாதே. இந்த நோயில் உணவு கத்தி மாதிரி. சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்காத நிலையில் புரதத்தைக் குறைக்கச் சொல்கிறோம். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்து வெளியேறுவதால் புரதத்தைக் கூட்டச் சொல்கிறோம், பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை. இது தெரியாமல், “கிட்னிக்கு ஆகாது” என்று முட்டையையும் மீனையும் நிறுத்தி நோயாளியை எலும்பும் தோலுமாக்கிய வீடுகள் நம் ஜில்லாக்களில் எத்தனையோ. நல்லது என்று நினைத்து இளநீர் கொடுத்து, பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி ராத்திரியில் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களும் உண்டு. கடையில் விற்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ப் பொட்டலத்திலும் பொட்டாசியம்தான் கலந்திருக்கிறது. காயை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியம் குறையும் என்ற சின்ன விஷயம்கூட எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த தடவை திருவாரூர் போகும்போது அங்குள்ள டாக்டரிடமோ டயட்டீஷியனிடமோ, “எங்க அப்பாயி சாப்பிடுறது இதுதான், இதுல எதை மாத்தலாம்?” என்று உன் நோட்டைக் காட்டிக் கேள்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அக்கா, நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி தொடங்கியதே சோற்றில்தான். 1918-ல் குன்னூரில் ஒரு சின்ன ஆய்வகத்தில் ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஆரம்பித்தார். தீட்டிய பச்சரிசியையே நம்பியிருந்த மக்களுக்குக் கால் மரத்து, வீங்கி, இதயம் நின்று போன நோய் அது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை அந்த நோய் அவ்வளவாகத் தொடவில்லை. நம் பாட்டிகள் அண்டாவில் நெல் அவித்ததற்குள் இருந்த விஞ்ஞானம் அது. அந்தச் சின்ன ஆய்வகம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. உங்கள் மகள் படிக்கப் போவது அந்த வழியில் வந்த படிப்பு. 1982-ல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்துக்கும், 2023 ஆகஸ்டில் திருக்குவளைப் பள்ளியிலிருந்து மாநிலம் முழுவதும் விரிந்த காலை உணவுத் திட்டத்துக்கும் இந்தப் படிப்பு படித்தவர்கள் வேண்டும். சமையலும் அதில் ஒரு பாடம், ஆனால் அது ஒரு மூலைதான்.

பணத்தைப் பற்றி அப்பாவோடு உட்கார்ந்து ஐந்து வருடத்துக்கும் கணக்குப் போடு. முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, நான்காம் வருடம் முதுநிலைக் கட்டணம் என்று ஏறும்போது தவித்த குடும்பங்கள் உண்டு. ஐந்து வருடக் கட்டணமும், லேப், ஹாஸ்டல், யூனிஃபார்ம், பயிற்சிக் காலத்துச் செலவு எல்லாமும் ஒரே தாளில் எழுதி வாங்கு. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தருவார்களா, நீயே பணம் கட்ட வேண்டுமா என்றும் கேள். வங்கிகள் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை உங்கள் பங்கு என்று பணம் கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை நிலத்தை அடமானம் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. வட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடும். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கு விண்ணப்பி. சேர்ந்த படிப்பில் எத்தனை வருடத்துக்கு அது வரும் என்பதைக் கல்லூரியில் அதற்கென்று இருக்கும் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடு. வேலையில் சேர்ந்த புதிதில் சின்ன ஆஸ்பத்திரிகளில் சம்பளம் குறைவு. பதிவும் அனுபவமும் சேர்ந்த பிறகுதான் கௌரவமான தொகை வரும். கடன் வாங்கும்போது அந்த முதல் இரண்டு வருடத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மாமா சொல்லும் அமெரிக்க விஷயம் உண்மைதான். அங்கே 2024 ஜனவரி 1 முதல் டயட்டீஷியன் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் கட்டாயம். அதற்கு முன் இளநிலை போதும் என்றிருந்தது. அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் இரண்டையும் சேர்த்துப் படிப்புகளைக் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றில் இரண்டு கட்டமாக ஆள் எடுக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் வேதியியல், உடலியல், நுண்ணுயிரியல், புள்ளியியல் எல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர்கள் மறுபடி விண்ணப்பித்தால்தான் தொழிற்படிப்புக்குள் விடுவார்கள். உள்ளே போனால் மேற்பார்வையோடு குறைந்தது 1,000 மணி நேரப் பயிற்சி உண்டு. அந்தப் படிப்பை அவர்களுடைய அங்கீகார அமைப்பு அங்கீகரித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வே எழுத முடியாது. இவ்வளவையும் வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் இளநிலையிலிருந்தே தொடங்குவது உன் வீட்டு நிலைமைக்குப் பெரிய பாரம், இப்போது வேண்டாம். இங்கே முடித்துவிட்டு ஆசை இருந்தால், உன் பட்டத்தை அங்கே மதிப்பிட்டு, விட்டுப்போன பாடங்களையும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளும் வழி இருக்கிறது. அதற்காகவாவது ஒவ்வொரு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணிக் கணக்கையும் பத்திரமாக வைத்துக்கொள்.

என் முடிவைக் கேட்டாய் அல்லவா? மேட்டூரில் தண்ணீர் திறக்கும் ஜூன் 12 வரை காத்திருக்காதே, அதற்குள் பல இடங்களில் சேர்க்கை முடிந்துவிடும். சென்னை ஐந்து வருடப் படிப்புக்கும் விண்ணப்பி, திருச்சியிலும் கோயம்புத்தூரிலும் மூன்று வருட பி.எஸ்சி.க்கும் விண்ணப்பி. நான் கேட்கச் சொன்னவற்றுக்குச் சென்னையிலிருந்து எழுத்தில் பதில் வந்து, வார்டுப் பயிற்சி திருப்தியாக இருந்து, ஐந்து வருடக் கணக்கும் அப்பாவின் கைக்கு அடங்கினால் அங்கே சேர். அதில் ஒன்று குறைந்தாலும் திருச்சியில் பி.எஸ்சி. சேர்ந்துவிடு. அப்பாயியையும் வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளலாம். எம்.எஸ்சி.க்கு நல்ல ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியாகப் பார்த்து இருபது வயதில் முடிவு செய்யலாம். உன் கடிதத்தில் இருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வழி பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

சேரும்போது மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஐந்து ஐந்து நகல் எடுத்துக்கொள். அசலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே சொல்லியிருக்கிறது. ஓர் இடத்தில் பணம் கட்டிவிட்டு வேறு இடம் கிடைத்தால், சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் கட்டணத்தைத் திரும்பக் கேட்க உனக்கு உரிமை உண்டு. நாள் தள்ளத் தள்ளப் பிடித்தம் கூடும். அதனால் ரசீதையும், விலகல் கடிதம் கொடுத்ததற்கான ஒப்புகையையும் அப்பாவிடம் கொடுத்து வை.